கோட்டையில் ஏறிய கொடியும் நம் திரையில் அசையும் கொடியும்



ஆகஸ்ட் பிறந்தால் நம் வாட்ஸ்அப் குழுவில் அசையும் கொடிகள் வரிசை கட்டும். சென்ற ஆண்டு வந்த ஒரு வீடியோவில், 1932-ல் நடந்த சம்பவத்துக்கு அசோகச் சக்கரக் கொடியைப் போட்டிருந்தார்கள். என்னையும் சேர்த்து யாருமே கவனிக்கவில்லை.

அந்தச் சம்பவம் நம் ஊரில் நடந்ததுதான். 1932 ஜனவரி 26-க்காக, ஆர்யா என்கிற பாஷ்யம் இரவோடு இரவாகப் புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி, யூனியன் ஜாக்கை இறக்கி மூவர்ணத்தை ஏற்றினார். பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய காங்கிரஸ் கொடியின் நடுவில் இருந்தது ராட்டை. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற கொடியில்தான் அதன் இடத்துக்குச் சக்கரம் வந்தது.

1947 ஆகஸ்ட் 15 அன்று அதே கோட்டையில் ஏறிய பட்டுக்கொடி, அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. நீளம் 12 அடி, அகலம் 8 அடி. அதாவது 3:2.

போட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ கொடி செய்யும் நம் பிள்ளைகளும் இதே 3:2 அளவில் தொடங்கட்டும். மூன்று பட்டைகளும் சமமாக, சக்கரத்தில் 24 ஆரங்களோடு முதலில் அலையில்லாத கொடியை வரையுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே லேயராக்கி அலை ஃபில்டர் கொடுங்கள். சக்கரம் தனி லேயரில் இருந்தால் துணி நெளியும், சக்கரம் மட்டும் விறைத்து நிற்கும். கடைசி ஃப்ரேம் முதல் ஃப்ரேமோடு சேராவிட்டால் கொடி குதிக்கும்.

அதற்கு முன் ஒரு நாள் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்கி, அந்தப் பட்டுக்கொடியைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.