துபாஷி இல்லாத லேப்டாப்

2020. ஊரடங்கு காலம். ராத்திரி ஒன்பதரை மணிக்கு தா.பழூரிலிருந்து போன். நண்பரின் மகள். கல்லூரியில் கடைசி வருஷம்.

‘‘மாமா... லேப்டாப்புல வைஃபையே காணோம்!’’

‘‘காணோம்னா?’’

‘‘காணோம்தான் மாமா. அந்த அடையாளமே இல்ல. விண்டோஸ் செவன்லேர்ந்து டென்னுக்கு மாத்தினேன். எல்லாம் நல்லா முடிஞ்சுது. ஆனா நெட் வரல. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ப்ராஜெக்ட் வைவா. ஸ்க்ரீன்ல ஓட்டிக் காட்டணும்!’’

அவசரம் புரிகிறதா? ஜெயங்கொண்டத்தில் ரிப்பேர் கடை உண்டு, மூடியிருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம், பஸ் ஓடவில்லை. அண்ணன் படித்து முடித்துவிட்டுத் தந்த பழைய லேப்டாப். மூன்று வருஷப் படிப்பு அதற்குள்ளே இருக்கிறது.

‘‘டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாரும்மா. எங்கயாவது மஞ்சளா ஒரு முக்கோணம், உள்ள ஆச்சரியக்குறி... இருக்கா?’’

‘‘இருக்கு மாமா. நெட்வொர்க் கன்ட்ரோலர்னு போட்டிருக்கு. கிளிக் பண்ணா கோட் 28-ன்னு வருது.’’

கோட் 28 என்றால், ‘இந்தக் கருவிக்கு டிரைவர் இல்லை’ என்று அர்த்தம். வைஃபை சிப் உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பேசத்தான் ஆள் இல்லை!

டிரைவர் என்றதும் தா.பழூர் - ஜெயங்கொண்டம் பஸ்ஸை ஓட்டுபவர் ஞாபகத்துக்கு வரலாம். கம்ப்யூட்டர் டிரைவரைப் புரிந்துகொள்ள அவரைவிடப் பொருத்தமான ஆசாமி ஒருவர் நம் சரித்திரத்தில் இருக்கிறார். ஆனந்தரங்கப் பிள்ளை!

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் தலைமை துபாஷி. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். கவர்னருக்குத் தமிழ் தெரியாது. நெசவாளிக்கும் வியாபாரிக்கும் பிரெஞ்சு தெரியாது. நடுவில் துபாஷி. கவர்னர் சொல்வதை ஊருக்குப் புரியவைத்து, ஊர் சொல்வதை கவர்னர் காதில் போட வேண்டும். அவர் இல்லாவிட்டால் கோட்டையும் இருக்கும், கடைவீதியும் இருக்கும், வியாபாரம் மட்டும் நடக்காது. 1736-லிருந்து பிள்ளை எழுதி வந்த நாட்குறிப்பைப் படித்தால், அந்த நடு ஆளின் பலமும் பயமும் ஒருசேரத் தெரியும். 1754-ல் டூப்ளே பதவி இழந்து பிரான்ஸுக்குக் கப்பலேறினார். அதன்பின் பிள்ளையின் செல்வாக்கும் சரிந்தது. கவர்னர் மாறினால் துபாஷியின் கதி அதோகதி!

ஆபரேட்டிங் சிஸ்டம்தான் கவர்னர். பிரின்டர், கேமரா, வைஃபை எல்லாம் ஊர் ஜனங்கள். டிரைவர், துபாஷி. தா.பழூர் லேப்டாப்பில் கவர்னர் மாறிவிட்டார். பழைய துபாஷிக்குப் புது கவர்னரின் பாஷை தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்த துபாஷிகளுக்கு ஒரு தனி சரித்திரமே இருக்கிறது.

டாஸ் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று துபாஷிகளை வைத்துக்கொண்டது. வேர்ட்பெர்ஃபெக்ட் போன்ற எழுதும் மென்பொருள் வாங்கினால், விதவிதமான பிரின்டர்களுக்கு டிரைவர்கள் கூடவே வரும். உங்கள் பிரின்டர் அந்தப் பட்டியலில் இல்லையா? போச்சு. விண்டோஸ் வந்த பிறகுதான் ‘பிரின்டருக்கு ஒரு டிரைவர் போட்டால் எல்லா மென்பொருளுக்கும் போதும்’ என்ற நிம்மதி கிடைத்தது.

1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 வந்தது. ‘ப்ளக் அண்ட் ப்ளே’ என்றார்கள். சொருகு, ஓட்டு! ஜனங்கள் அதைக் கிண்டலாக ‘ப்ளக் அண்ட் ப்ரே’ ஆக்கினார்கள். சொருகு, சாமி கும்பிடு! கிண்டல் சும்மா இல்லை. 1998 ஏப்ரல் 20, சிகாகோ நகரில் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். விண்டோஸ் 98-ன் பெருமையைக் காட்ட, உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் சொருகினார். விண்டோஸ் உடனே டிரைவரைத் தேடியது. அடுத்த நொடி திரை முழுக்க நீலம்! கூட்டம் சிரித்துக் கைதட்டியது. ‘இதனால்தான் இன்னும் இதை விற்பனைக்கு அனுப்பவில்லை போலிருக்கிறது’ என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சமாளித்தார் கேட்ஸ். உலகப் பணக்காரருக்கே அந்த கதி என்றால், தா.பழூர் பெண் எம்மாத்திரம்?

இன்னொரு துபாஷி கதை உலகத்தையே மாற்றியது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரின்டரைக் கொடுத்தது. அது அடிக்கடி பேப்பரில் சிக்கிக்கொள்ளும். பழைய பிரின்டரில், சிக்கியதும் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி மாற்றி எழுதியிருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புது பிரின்டரிலும் அதைச் செய்யலாம் என்றால், மூல நிரலைத் தரமாட்டேன் என்கிறார்கள். வைத்திருந்த ஒருவரை நேரில் போய்க் கேட்டார். ‘யாருக்கும் தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்’ என்று அவர் கைவிரித்தார். ஸ்டால்மனுக்கு அந்தக் கோபம் ஆறவேயில்லை. 1983-ல் ‘க்னு’ திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்தது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் வந்து அதோடு சேர்ந்தது.

லினக்ஸில் டிரைவர் பிரச்னையே இல்லையா? நன்றாக இருந்தது! அங்கே பெரும்பாலான டிரைவர்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு கூடவே வரும். ஆனால், சிப் செய்கிற கம்பெனி விவரம் தந்தால்தானே எழுத முடியும்? வைஃபை சிப்களில் பல வருஷம் இதே ரோதனை. பிராட்காம் நிறுவனம் தன் வைஃபை டிரைவர் ஒன்றின் மூல நிரலைத் திறந்து கொடுத்ததே 2010-ல்தான்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 2007-ல் சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. வேலை நடந்தது சென்னையில். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, ஆரம்பத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸ், பாஸ் இரண்டுமே இருந்தன. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் கையைக் கழுவியபோது, அரசு அலுவலகங்களை பாஸுக்கு மாறச் சொன்னது தமிழக அரசு. அந்தத் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் வீடுகளுக்குப் போயின. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அதோடு வந்த பிரச்னைகளும் முதல் பிரச்னைகள்தான்!

துபாஷிக்கு இன்னொரு குணமும் உண்டு. அவர் கவர்னரின் அந்தரங்க அறைக்குள் உட்கார்ந்திருப்பவர். வெளியில் ஒரு மென்பொருள் தடுக்கி விழுந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிற டிரைவர் தடுக்கினால் கோட்டையே விழும். 2007 ஜனவரியில் விஸ்டா வந்தபோது உலகமே அதைத் திட்டியது. பின்னால் ஒரு வழக்கில் மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. விஸ்டா படுத்துக்கொண்ட சம்பவங்களில் கிட்டத்தட்ட 29 சதவிகிதத்துக்குக் காரணம், என்விடியா என்ற ஒரே கம்பெனியின் டிரைவர்கள்! 2024 ஜூலை 19-ல் இன்னும் பெரிய கூத்து. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், தவறான ஒரு ஃபைலைப் படித்துத் தடுமாறியது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களில் நீலத்திரை. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியம்? பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழித்தாக வேண்டும்.

சரி, நம் பெண்ணிடம் வருவோம்.

‘‘பழையபடி செவனுக்கே திரும்பிடவா மாமா? பத்து நாளைக்குள்ள திரும்பலாம்னு போட்டிருக்கே!’’

அரியலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 2001 ஜனவரி 1-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ல் திரும்பவும் தனி மாவட்டம்! அப்கிரேடு, ரோல்பேக், ரீ-இன்ஸ்டால் மூன்றையும் பார்த்த ஜனங்கள்.

‘‘அது கடைசி வழிம்மா. திரும்பும்போது பாதியில கரன்ட் போச்சுன்னா வம்பு. முதல்ல டிரைவரைத் தேடுவோம்.’’

‘‘டிரைவரைத் தேட நெட் வேணும். நெட்டுக்கு டிரைவர் வேணும். எப்படி மாமா?’’

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை! இதற்கு வழி அவள் கையிலேயே இருந்தது. போன்.

‘‘சார்ஜர் ஒயரால போனை லேப்டாப்போட சேரு. ஹாட்ஸ்பாட் பக்கத்துலயே யு.எஸ்.பி. டெதரிங்னு இருக்கும், அதை ஆன் பண்ணு.’’

போனை ஒயரில் கோத்தால் வைஃபை சிப்பே தேவையில்லை. அந்த வழிக்கான துபாஷி விண்டோஸ் 10-லேயே இருக்கிறார். நெட் வந்துவிட்டது. ஆனால், விண்டோஸ் அப்டேட் தேடிப் பார்த்தும் அந்தச் சிப்புக்கு டிரைவர் கிடைக்கவில்லை.

அடுத்து, சிப்பின் ஜாதகம். டிவைஸ் மேனேஜரில் ‘ஹார்டுவேர் ஐடி’ என்று ஓர் இடம். செய்த கம்பெனிக்கு ஓர் எண், சிப்புக்கு ஓர் எண். இன்டெல் என்றால் 8086. 1978-ல் அவர்களைப் பிரபலமாக்கிய சிப்பின் பெயரையே கம்பெனி எண்ணாக வைத்திருக்கிறார்கள்! அவள் எண்களை வாசித்தாள். அது வேறு கம்பெனி. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் விண்டோஸ் 10-க்கு டிரைவர் இல்லை. 8.1-க்கு இருந்தது. இரண்டுக்கும் பாஷை கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை இறக்கிப் போட்டு ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.

பதினொன்றே முக்காலுக்கு மெசேஜ் வந்தது. ‘‘மஞ்சள் போயிடுச்சு மாமா!’’

மறுநாள் வைவாவும் நல்லபடியாக முடிந்தது.

இந்தக் கதையை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்கள் பலவற்றை விண்டோஸ் 11 உள்ளேயே சேர்க்காது. அவற்றின் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கவர்னர்தான் மாறிவிட்டார். தூக்கிப் போடுவதற்கு முன் லினக்ஸைப் பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்டு, கேமரா வேலை செய்கிறதா என்று இன்ஸ்டால் செய்யாமலே தெரிந்துவிடும்.

எதற்கு மாறினாலும் சரி, முதலில் உங்கள் ஃபைல்களுக்கு வேறு இடத்தில் ஒரு நகல். அப்புறம், வைஃபை டிரைவரைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். புது கவர்னர் வந்து இறங்குவதற்கு முன்பே துபாஷி கரையில் காத்திருக்க வேண்டும்!