பிரெஞ்சுப் படையும் காரைக்கால் குடும்பங்களும்

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. கருக்களாச்சேரி உள்ளிட்ட மீனவக் கிராமங்களையும் நெல்வயல்களையும் கொண்ட இந்தச் சிறு நிலத்துக்கும் தொலைதூரப் போர்முனைகளுக்கும் உறவு ஏற்பட்டது அதனால்தான்.  

புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் பிரெஞ்சுத் தரைப்படையிலும் கடற்படையிலும் சேர்ந்தனர். ஊரில் அவர்களுக்கு ‘சொல்தா’ என்று பெயர். பலர் இந்தோசீனாவுக்குப் போனார்கள்; சைகோனிலிருந்து வியட்நாமிய மனைவியோடு திரும்பியவர்களும் உண்டு.

ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் கைமாறியது. இப்பகுதிகளைச் சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்ததும், விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க ஆறு மாத அவகாசம் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தனர். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்றாகிவிடவும் அது வழிவிட்டது.

சாதாரணச் சிப்பாய்க்கு அன்று 15 ஆண்டுப் பணி முடிந்தால் ஓய்வூதியம் கிடைத்தது. அவர் இறந்தபின் மனைவிக்குப் பாதி. பிராங்கில் வந்த பணம் ரூபாயில் மாறியபோது மாடி வீடாகவும் மகளுக்குச் சீராகவும் ஆனது. கணவன் இல்லாத ஆண்டுகளில் நிலம், கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மனைவி தலையில். அந்த உழைப்பு எந்தப் படைப் பதிவேட்டிலும் ஏறவில்லை. திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் இல்லையென்றால் விதவையின் உரிமையே சிக்கலாகும். குடியுரிமை பிள்ளைகளுக்கும் இறங்கியதால், பேரன்மாரில் சிலர் பிரெஞ்சுப் படையிலேயே சேர்ந்தனர்.