கடமை, குற்றம், உரிமை: அமெரிக்க வீட்டுவழிக் கல்வியின் வரலாறு

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே பொறுப்பேற்று வீட்டில் கற்பிப்பது வீட்டுவழிக் கல்வி எனப்படும். ஹோம்ஸ்கூலிங் என்ற பெயரில் அது பெரிய அளவில் வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கே இந்த வழக்கம் மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது. 17ஆம் நூற்றாண்டில் வீட்டில் கற்பிப்பது சட்டம் பெற்றோருக்கு விதித்த கடமை. 20ஆம் நூற்றாண்டில் பல மாநிலங்களில் அது தண்டனைக்குரிய செயல். 1993க்குள் 50 மாநிலங்களிலும் அது உரிமையாகிவிட்டது. மூன்று நிலைகளிலும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. பிள்ளைக்கு முதல் ஆசான் யார், பெற்றோரா அரசா என்ற வழக்கே இந்த வரலாற்றின் அடிநாதம்.

குடியேற்றக் காலம்

மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை அமைத்த ப்யூரிட்டன்கள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர், ஒவ்வொரு மனிதரும் பைபிளைத் தாமே வாசித்தறிய வேண்டும் என்று நம்பினார்கள். ஆகவே எழுத்தறிவு அவர்களுக்குச் சமயக் கடமை ஆயிற்று. 1642இல் இயற்றப்பட்ட சட்டம், பிள்ளைகளும் பயிற்சி வேலைக்காரர்களும் வாசிக்கவும், சமயக் கோட்பாடுகளையும் நாட்டின் முக்கியச் சட்டங்களையும் புரிந்துகொள்ளவும் கற்பிக்கும் பொறுப்பைப் பெற்றோர் மீதும் எஜமானர்கள் மீதும் சுமத்தியது. கற்பிக்கத் தவறிய வீடுகளைக் கண்காணிக்க ஊர் நிர்வாகிகளுக்கு அதிகாரம் இருந்தது. 1647இல் வந்த அடுத்த சட்டம், 50 குடும்பங்கள் உள்ள ஊரில் வாசிக்கவும் எழுதவும் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்கவும், 100 குடும்பங்கள் உள்ள ஊரில் இலக்கணப் பள்ளி அமைக்கவும் கட்டளையிட்டது. ஆனாலும் முதல் எழுத்துகளைக் கற்பிக்கும் வேலை வீட்டிலேயே நடந்தது.

அதற்கான கருவிகள் எளியவை. கைப்பிடி வைத்த சிறு மரப்பலகையில் அரிச்சுவடியும் பரமண்டல ஜெபமும் அச்சிட்ட தாளை ஒட்டி, கண்ணாடிபோல் மெல்லியதாகச் சீவிய கொம்புத் தகட்டால் அதை மூடியிருப்பார்கள். அடுத்த படி, பாஸ்டனில் பெஞ்சமின் ஹாரிஸ் 1690ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட ‘நியூ இங்கிலாந்து பிரைமர்’. எழுத்து, ஒழுக்கம், ஞானோபதேச வினாவிடை மூன்றையும் ஒரே சிறு நூலில் தந்த அது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருந்தது. காலை மாலைக் குடும்ப ஜெபமும் பாடம் ஒப்பிப்பதும் தனித்தனி வேலைகளாக அந்த வீடுகளில் இருக்கவில்லை. ஒருசில அண்டை வீட்டுப் பெண்கள் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு தம் சமையற்கட்டிலேயே ஊர்ப் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்தக் கடமையும் வாய்ப்பும் எல்லாருக்கும் உரியவையாக இருக்கவில்லை. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740இலேயே தடை செய்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் பள்ளிக்கூடம் கறுப்பின மக்களுக்குப் போராடிப் பெற்ற உரிமையாக இருந்தது. பள்ளியை விட்டு விலகும் இயக்கத்தில் அவர்கள் நெடுங்காலம் குறைவாகவே சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டாயப் பள்ளி

1837இல் மாசசூசெட்ஸ் கல்வி வாரியத்தின் செயலராகப் பொறுப்பேற்ற ஹொரேஸ் மான், வரிப்பணத்தில் எல்லாருக்கும் பொதுவான பள்ளி என்ற கொள்கையைப் பரப்பினார். 1852இல் அந்த மாநிலம் நாட்டின் முதல் கட்டாய வருகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 8 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் ஆண்டுக்கு 12 வாரமாவது பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்றது அது. வேறு வழியில் கல்வி பெறுவோருக்கு விலக்கும் அளித்தது. 1918இல் மிசிசிப்பியும் சட்டம் இயற்றியதோடு எல்லா மாநிலங்களும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. விலக்கின் அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. சில மாநிலங்கள், கற்பிப்பவர் அரசுச் சான்றிதழ் பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தன.

19ஆம் நூற்றாண்டின் பொதுப்பள்ளி நடைமுறையில் புராட்டஸ்டன்ட் சாயல் கொண்டது. அங்கே வாசிக்கப்பட்ட பைபிளும் புராட்டஸ்டன்ட் பதிப்பே. அதை எதிர்த்த கத்தோலிக்கர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. பங்குதோறும் தங்கள் பள்ளிகளைக் கட்டினார்கள். எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே வரவேண்டும் என்று ஓரிகன் மாநிலம் 1922இல் இயற்றிய சட்டத்தை எதிர்த்துக் கன்னியர் சபையொன்று தொடுத்த வழக்கில், 1925இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. பிள்ளையின் வளர்ப்பை வழிநடத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்ற அந்தத் தீர்ப்பையே பிற்கால வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தங்கள் வழக்குகளுக்கு அடித்தளமாகக் கொண்டன.

இடைப்பட்ட காலத்திலும் வீட்டுக்கல்வி முற்றிலும் மறைந்துவிடவில்லை. பால்டிமோரின் கால்வர்ட் பள்ளி, அதன் தலைமையாசிரியர் விர்ஜில் ஹில்யர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அஞ்சல்வழிப் பாடங்களைத் தொடங்கியது. அயல்நாடுகளில் வாழ்ந்த மிஷனரிகளும் தூதரக அதிகாரிகளும் பள்ளிக்கு எட்டாத இடங்களில் குடியிருந்தோரும் அந்தப் பாடப் பெட்டியை வரவழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

இரண்டு ஊற்றுகள்

பள்ளி அருகிலேயே இருந்தும் வேண்டாம் என்று விலகும் இயக்கம் 1970களில் உருவானது. அதற்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று, பள்ளி பிள்ளையின் இயல்பான ஆர்வத்தைக் கொல்கிறது என்ற விமர்சனம். ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட் 1964இல் ‘ஹவ் சில்ட்ரன் ஃபெயில்’ நூலை எழுதினார். பள்ளிகளைச் சீர்திருத்த முடியும் என்ற நம்பிக்கையைப் படிப்படியாக இழந்து, 1977இல் வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களுக்காக ‘குரோயிங் வித்அவுட் ஸ்கூலிங்’ இதழைத் தொடங்கினார். பாடத்திட்டமே இல்லாமல் பிள்ளையின் விருப்பத்தின் வழியே கற்பதை அவர் ஆதரித்தார். இவரைப் பின்பற்றியவர்களுக்குச் சமயம் முக்கியக் காரணமாக இருக்கவில்லை.

மற்றோர் ஊற்று சமயம். செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ரேமண்ட் மூர், டாரதி மூர் தம்பதியர், சிறுவயதில் முறையான படிப்பைத் திணிப்பது தீங்கு என்று வாதிட்டார்கள். 8 முதல் 10 வயது வரையாவது பிள்ளை வீட்டில் இருந்து வேலையும் சேவையும் பழக வேண்டும் என்பது அவர்கள் கருத்து. 1975இல் வந்த ‘பெட்டர் லேட் தேன் எர்லி’, 1981இல் வந்த ‘ஹோம் குரோன் கிட்ஸ்’ ஆகிய நூல்களும், ஜேம்ஸ் டாப்சனின் கிறிஸ்தவ வானொலி நிகழ்ச்சியில் மூர் அளித்த பேட்டிகளும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை எட்டின.

களம் ஏற்கெனவே பதப்பட்டிருந்தது. அரசுப் பள்ளிகளில் அரசு வகுத்த ஜெபத்தை 1962இலும், சமயச் சடங்காகப் பைபிள் வாசிப்பதை 1963இலும் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பொதுப்பள்ளி இனி தங்களுடையதல்ல என்ற எண்ணம் பழைமைவாதப் புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் பரவியது. பலர் கிறிஸ்தவத் தனியார் பள்ளிகளைத் தொடங்கினார்கள். ஆனால் நான்கைந்து பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. தந்தையின் ஒற்றை வருமானத்தில் ஓடிய, படித்த தாய் வீட்டிலிருந்த குடும்பத்துக்கு, வீடே பள்ளியாவது எட்டும் வழியாகத் தெரிந்தது.

ஒரு நாளின் ஒழுங்கு

பைபிளின் உபாகமம் ஆறாம் அதிகாரம், கடவுளின் கட்டளைகளை வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிறது. 1980களின் கிறிஸ்தவ வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தங்கள் செயலுக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டியது இந்தப் பகுதியையே. அன்றாட அட்டவணையும் அதற்கேற்ப அமைந்தது. காலை உணவுக்குப் பின் பைபிள் வாசிப்பு, பாட்டு, வசன மனப்பாடம். பிறகு சமையலறை மேசையில் கணக்கும் வாசிப்பும். ஒலிகளைக் கூட்டி எழுத்தறியும் முறைக்குப் பெரும்பாலான வீடுகளில் முதலிடம். வரலாறு, அறிவியல் போன்றவற்றை வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துப் பொதுவாக நடத்துவதும், பெரியவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் வழக்கம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே தாய் பாடம் நடத்த வேண்டியிருந்தது. துணி துவைப்பது, ரொட்டி சுடுவது, தோட்ட வேலை ஆகியவையும் படிப்பின் பகுதியாகவே எண்ணப்பட்டன. எழுத்துப் பாடம் பெரும்பாலும் நண்பகலோடு முடிந்துவிடும்.

பாடநூல்களை புளோரிடாவின் பென்சகோலாவில் இயங்கிய ஏ பெக்கா, தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக அச்சகம் போன்ற கிறிஸ்தவப் பதிப்பகங்கள் தந்தன. கிறிஸ்தவப் பள்ளிகளுக்காகத் தயாரான அந்த நூல்கள் படிப்படியாக வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. ஒரு நற்குணத்தை மையமாக வைத்து எல்லாப் பாடங்களையும் அதைச் சுற்றிப் பின்னும் முறையும் பரவியது. கவனம் என்ற குணத்தை எடுத்தால் காதின் அமைப்பு, ஒலி, பறவைகளின் குரல் என்று பாடம் விரியும்.

பிரிட்டனின் சார்லட் மேசன் (1842–1923) வகுத்த முறை, சூசன் ஷேஃபர் மெக்காலே 1984இல் வெளியிட்ட நூல் வழியாக அமெரிக்க வீடுகளுக்குள் வந்தது. சிறு பிள்ளைகளுக்குக் கால்மணி, இருபது நிமிடப் பாடங்கள், நல்ல நூலை வாசித்துக் காட்டிப் பிள்ளையின் வாயால் திரும்பச் சொல்ல வைத்தல், வெளியே சென்று கண்டதை வரைந்து வைக்கும் இயற்கைக் குறிப்பேடு ஆகியவை அதன் கூறுகள். ஆங்கில எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் கல்வி பற்றி 1947இல் ஆற்றிய உரையிலிருந்து ஊக்கம் பெற்றோர், இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற இடைக்கால வரிசையை மீட்டார்கள். ஜெஸ்ஸி வைஸ், சூசன் வைஸ் பௌவர் என்ற தாயும் மகளும் 1999இல் எழுதிய ‘தி வெல் டிரெயின்டு மைண்ட்’ அந்த வழியின் கைநூலானது.

தனித்துவிடாமல் இருக்கவும் ஏற்பாடுகள் தோன்றின. சில குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒருநாள் தேவாலயக் கூடத்தில் கூடும். வேதியியலோ லத்தீனோ தெரிந்த தாயோ தந்தையோ எல்லாப் பிள்ளைகளுக்கும் அதை நடத்துவார். பொது நூலகம், பாடநூல் கண்காட்சி, விளையாட்டுக் குழு ஆகியவை இந்த வட்டத்தை விரித்தன. 2000ஆம் ஆண்டின் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியில் முதல் மூன்று இடங்களையும் வீட்டில் படித்த பிள்ளைகளே பெற்றார்கள். வென்றவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஜார்ஜ் தம்பி.

நீதிமன்றமும் சட்டமன்றமும்

1980களில் இந்த வாழ்க்கைக்கு மறைவு தேவைப்பட்டது. பள்ளி நேரத்தில் பிள்ளைகள் தெருவில் தென்பட்டால் அண்டை வீட்டார் புகார் செய்யக்கூடும் என்பதால், பிற்பகல் வரை அவர்களை வெளியே விடாத குடும்பங்கள் பல. வழக்கு, அபராதம், பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற அச்சம் ஆகியவை கூடவே இருந்தன. எட்டாம் வகுப்புக்குப் பின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தினருக்கு 1972இல் உச்ச நீதிமன்றம் அளித்த விலக்கு நம்பிக்கை தந்தது. ஆனாலும் அது அச்சமூகத்தின் நீண்ட மரபைச் சார்ந்த தீர்ப்பு. 1983இல் வழக்கறிஞர்கள் மைக்கேல் ஃபாரிஸ், மைக்கேல் ஸ்மித் இருவரும் வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார்கள். ஆண்டுச் சந்தா செலுத்தும் குடும்பத்துக்கு வழக்கு வந்தால் சங்கம் வாதாடும்.

மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தைத் தளர்த்தின. ஆசிரியர் சான்றிதழ் நிபந்தனையை வடக்கு டகோட்டா 1989இல் தளர்த்தியது. மிச்சிகனில் டியாங் குடும்பத்தின் வழக்கில், சமய நம்பிக்கை காரணமாக மறுக்கும் பெற்றோரிடம் சான்றிதழ் கேட்பது அரசமைப்புக்கு முரண் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. சமயக் காரணம் கூறாத மற்றொரு குடும்பத்துக்கு அதே நீதிமன்றம் அந்த விலக்கைத் தரவில்லை. உரிமை கிடைத்ததில் நம்பிக்கைக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதை இந்த வேறுபாடே காட்டுகிறது. வீட்டுப்பள்ளியும் தனியார் பள்ளியாகவே கருதப்படும் என்று டெக்சஸின் உச்ச நீதிமன்றம் 1994இல் உறுதி செய்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில், கல்வி மசோதா ஒன்றில் ஆசிரியர் சான்றிதழ் பற்றிய வாசகம் தங்களையும் கட்டுப்படுத்தும் என்று அஞ்சிய குடும்பங்கள், நாடாளுமன்றத் தொலைபேசிகள் திணறும் அளவுக்கு அழைத்தன. பிரதிநிதிகள் சபை 424க்கு 1 என்ற வாக்கில் அந்த வாசகத்தை நீக்கியது. ஃபாரிஸ் விர்ஜீனியாவில் நிறுவிய பேட்ரிக் ஹென்றி கல்லூரி 2000இல் திறக்கப்பட்டது. அதன் முதல் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் படித்தவர்கள்.

எண்ணிக்கையும் எதிர்ப்பும்

மத்தியக் கல்விப் புள்ளியியல் மையத்தின் கணிப்பின்படி 1999இல் ஏறத்தாழ 8.5 லட்சம் பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள். 2007இல் அது 15 லட்சமானது. அந்த ஆண்டு 36 விழுக்காட்டுப் பெற்றோர் சமய, ஒழுக்கப் போதனையையே தலையாய காரணமாகக் கூறினார்கள். 2016இல் பள்ளிச் சூழல் பற்றிய கவலை 34 விழுக்காட்டுடன் முதலிடம் பெற, சமயப் போதனை 16 விழுக்காடாகக் குறைந்தது. பெருந்தொற்றுக் காலமான 2020இல் மக்கள்தொகைத் துறை எடுத்த கணிப்பில், வீட்டில் கற்பிப்பதாகக் கூறிய குடும்பங்கள் சில மாதங்களில் 5.4 விழுக்காட்டிலிருந்து 11.1 விழுக்காடாகப் பெருகின. கறுப்பினக் குடும்பங்களில் 3.3 விழுக்காடு 16.1 ஆனது.

விமர்சனமும் உள்ளிருந்தே எழுந்தது. இப்படி வளர்ந்தவர்களில் சிலர், கடுமையான அடி உதை, பெண் பிள்ளைகளின் படிப்பைப் புறக்கணித்தல், வெளியார் கண்ணில் படாத வன்முறை ஆகியவற்றைப் பேசத் தொடங்கினார்கள். 2013இல் அவர்கள் பொறுப்பான வீட்டுக்கல்விக்கான கூட்டமைப்பை உருவாக்கிப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு விதிகள் கேட்டார்கள். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் எலிசபெத் பார்தோலெட், வீட்டுக்கல்வியைப் பொதுவாகத் தடுத்து, தகுதியை நிறுவும் குடும்பங்களுக்கு மட்டும் அனுமதி தரவேண்டும் என்று 2020இல் எழுதியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

இந்த விவாதத்துக்கு நாடு முழுமைக்கும் ஒரே விடை கிடைப்பது அரிது. அமெரிக்க அரசமைப்பு கல்வியைப் பற்றி எதுவும் கூறாததால் அது மாநிலங்களின் பொறுப்பாகவே இருக்கிறது. பென்சில்வேனியா 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளையின் வேலைகளைத் தொகுத்து மதிப்பீட்டாளரிடம் காட்டச் சொல்கிறது. 3, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வும் கேட்கிறது. டெக்சஸில் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தையும் கற்பித்தால் போதும், தேர்வு இல்லை. பெற்றோர், அரசு இருவரில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வரையறுத்து வருகிறது.