புறாக்கள் கடந்த வழி

கலூரில் எம் அண்டை வீட்டுச் சிறுமி பள்ளியில் மலையாளமும், வீட்டில் பாட்டியிடம் தமிழும் பேசுபவள். ஒருநாள் மாலை, வேடன் வலையிற் சிக்கிய புறாக்களின் கதையை எமக்குச் சொன்னாள். புறா அவள் வாயிற் 'பிராவு' ஆயிற்று. ஆமை 'ஆம' ஆயிற்று. எலியும் மானும் இருமொழிக்கும் பொதுவாதலின் ஆங்கே அவளுக்குத் தடையில்லை.

எமக்குச் சோறிடுவது மொழிபெயர்ப்புத் தொழில். அக்கதை எத்தனை மொழிபெயர்ப்பாளர் கைகளைக் கடந்ததென எண்ணலானோம்.

அது பஞ்சதந்திரக் கதை. பாரசீக மன்னன் முதலாம் குஸ்ரோ (531–579) காலத்தில், புர்சோய் என்னும் மருத்துவர் அவ்வடநூலைப் பகலவி மொழியிற் பெயர்த்தார். அவர் நூல் பின்னர் அழிந்துபட்டது. ஆயினும், அதனை மூலமாகக் கொண்டு எட்டாம் நூற்றாண்டில் இபன் அல் முகப்பா அரபியில் ஆக்கிய நூல் நிலைத்தது. கரடகன், தமனகன் என்னும் நரிகள் இருவரும் ஆங்கே கலீலா, திம்னா எனப் பெயர் மாறினர். மொழிபெயர்ப்பாளனுக்கு இதனினும் ஆறுதல் வேறுண்டோ? மூலம் போயினும் பெயர்ப்பு வாழ்ந்தது!

அரபியிலிருந்து எபிரேயம், எபிரேயத்திலிருந்து இலத்தீன், பிற ஐரோப்பிய மொழிகள் எனக் கதை நடந்தது. 1570-இல் தாமஸ் நார்த் அதனை ஆங்கிலமாக்கினார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1568-இல், மட்டாஞ்சேரியிற் பரதேசி யூதர் தம் தொழுகைக் கூடத்தை எழுப்பியிருந்தனர். கலூரினின்று காயலைக் கடந்து சென்றால் அதனை இன்றும் காணலாம். கதை தங்கிச் சென்ற எபிரேய மொழியை ஓதியோர் நம் காயற்கரையிலேயே இருந்தனர் என்பது எண்ணுந்தோறும் இனிக்கிறது.

தமிழுக்கோ, சென்னைக் கல்விச் சங்கத்துப் புலவர் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த உரைநடைப் பஞ்சதந்திரம் 1826-இல் வெளிவந்தது. கும்பினி உத்தியோகஸ்தருக்குத் தமிழ் கற்பித்த சங்கம் அது. அயலார் படிக்கும் பாடமாக வந்த நூல், நம் பிள்ளைகளுக்கும் கதைப் புத்தகமாயிற்று.

புறாக்கள் ஒருங்கே சிறகடித்து வலையோடு பறந்து, எலியின் வளைக்கு முன் இறங்குகின்றன. எலி தன் நண்பனாகிய புறாவரசனின் கட்டைக் கடிக்க ஓடிவருகிறது. "முதலில் என் கூட்டத்தாரை விடுவி" என்கிறான் அரசன். உன் பற்கள் தேய்ந்துவிட்டால் அவர்கள் கதி என்னாவது என்பது அவன் கவலை. இத்தனை மொழிகளிலும் சிதையாது வந்த பகுதி இது.

சிறுமியும் இதனைச் சரியாகவே சொன்னாள். உள்ளேயிருந்து பாட்டி, "பிராவு இல்லடி, புறா" என்று திருத்தினார். "ரெண்டும் பறக்கும் பாட்டி" என்று கூறிவிட்டு, அவள் எலியின் பல்லுக்குத் திரும்பினாள்.