வேலியில்லாத கார்த்திகைப்பூ

மாரி பிடித்து வயல் பச்சையாகும் நாள்களில் கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பக்கத்து வேலிகளிலும் பற்றைகளிலும் கார்த்திகைப்பூ ஏறி நிற்கும். இலையின் நுனியே சுருண்டு, பக்கத்தில் அகப்பட்டதைப் பற்றிக்கொள்ளும் கொடி அது. ஆறு இதழ்களும் பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, மேல்நோக்கி மடங்கி, சில நாள்களில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் இந்த நிறங்களெல்லாம் ஒன்றாக நிற்பதுண்டு. இதைப் பறித்து வெள்ளைத் தாளில் வரைந்தால் ஒரு கணத்து நிறம்தான் கிடைக்கும், இலைநுனிக்குப் பிடிக்க எதுவும் இராது. நம் பூக்களை வரைந்த வரலாறோ பெரும்பாலும் பறித்து வந்த பூவின் வரலாறாகவே இருக்கிறது. அதில் வயல் தொலைந்தது என்பதே என் வாதம்.

பேராதனைத் தாவரவியல் தோட்டம் 1821இல் அமைந்தது. 1823 முதல் ஏறத்தாழ 38 ஆண்டுகள் ஹர்மானிஸ் டி அல்விஸ் அங்கே ஓவியராக இருந்தார். அவர் பிள்ளைகளும் அதே தொழிலுக்கு வந்தார்கள். அத்தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி டிரைமனின் இலங்கைத் தாவர நூல் 1893–1900 காலத்தில் 100 வண்ணப் படங்களோடு வெளிவந்தது. செடிகளின் தமிழ்ப் பெயர்களையும் அது பதிந்தது. அதற்காக நாம் நன்றி சொல்லவேண்டும். அக்கரையில், தென்னிந்தியாவில், ஓவியர்கள் ரங்கையாவும் கோவிந்துவும் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக வரைந்தார்கள். வைட்டின் 2,101 படங்கள் கொண்ட தொகுதி 1838க்கும் 1853க்கும் இடையில் வந்தது. ஓர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே அவர் சூட்டினார். அந்தக் கோடுகளின் நுட்பம் இன்றும் வியக்கவைக்கிறது. ஆனாலும் பூவும் அறுத்துக் காட்டிய சூலகமும் இருக்கும் தாளில் மண் இல்லை, பக்கத்துச் செடி இல்லை.

இனம் பிரிக்க வெறுந்தாள்தான் வசதி என்பார்கள். உண்மைதான், இரண்டு செடிகளை ஒப்பிடும்போது பின்னணி இடைஞ்சல். வெளியே கொண்டுபோக வண்ணம் ஏது என்றும் கேட்கலாம். எண்ணெய் வண்ணத்துக்கு அது பொருந்தும். தகரக் குழாய் 1841இல்தான் வந்தது. நீர்வண்ணக் கட்டிகளோ 18ஆம் நூற்றாண்டிலேயே கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டன. ஆகவே தடையாக இருந்தது கருவியல்ல, வேலை கொடுத்தவரின் கேள்வி. ‘இது என்ன?’ என்று கேட்டார்கள், ‘எதனோடு வளர்கிறது?’ என்று கேட்கவில்லை. 1876–77இல் இலங்கைக்கு வந்த ஆங்கில ஓவியர் மரியான் நோர்த் செடிகளை அவை நின்ற சூழலோடு எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவர் வசதி படைத்தவர், யாருடைய கூலிக்கும் வரையவில்லை என்று மறுக்கலாம். கியூ தோட்டத்தில் 1882இல் திறந்த காட்சிக்கூடத்தைத் தம் செலவிலேயே கட்டியவர் அவர். அந்த மறுப்பு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது: சம்பளத்துக்கு வரைந்த கைக்கு வயலை வரையும் உரிமை கிடைக்கவில்லை.

2009இன் தொடக்கத்தில் உள்நாட்டுப் போர் கண்டாவளையைக் கடந்தது. சனம் இடம்பெயர்ந்தது, வயல்கள் பற்றையாகின. திரும்பி வந்தவர்கள் வரம்பைத் தேடிப் பிடித்து மறுபடி விதைத்தார்கள். முன்பு எந்த வேலியில் எது பூத்தது, எந்தச் செடியைப் பற்றி ஏறியது என்று கேட்டால் பேராதனையின் 100 படங்களிலும் மறுமொழி இல்லை. வரம்பில் குந்தியிருந்து வரைந்த ஒரு தாள் அதைச் சொல்லியிருக்கும்.