கொட்டாத தேனீ, கருப்பு மெழுகு

1549-ல மெக்சிகோவோட யுகடான் பகுதி மாயா கிராமங்களுக்கு ஸ்பானியர்கள் ஒரு வரிப்பட்டியல் போட்டாங்க. துணி, சோளம், கோழியோட தேனும் மெழுகும் அதில் இருந்தது. தங்கம் கிடைக்காத மண்ணு. ஆனா தேவாலயத்துக்கு மெழுகுவர்த்தி வேணுமே!

சிக்கல் என்னன்னா, அது ஸ்பானியர்களுக்குப் பழகின மெழுகு இல்லை. கருப்பா, பிசுபிசுன்னு இருக்கும். ஐரோப்பியத் தேனீ யுகடானுக்கு வந்து சேர இன்னும் 300 வருஷத்துக்கு மேல இருந்தது. மாயாக்கள் குடைஞ்ச மரத்துண்டுகளில் வளர்த்தது 'ஷுனான் காப்'. 'தேனீச் சீமாட்டி'ன்னு சொல்லலாம். கொட்டத் தெரியாத இனம், நம்ம ஊர் கொசுத்தேனீக்குத் தூரத்துச் சொந்தம்.

மரத்தில் காயம்பட்ட இடத்தில் பிசின் வடியும் இல்லையா? அதை இந்தத் தேனீ பின்னங்காலில் ஒட்டிக் கொண்டுவந்து, தன் மெழுகோட பிசையும். தேன் சேமிக்கிற குடம், குஞ்சு வளர்கிற அறை எல்லாமே அந்தக் கலவைதான். தன் காயத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறாம இருக்க மரம் சுரக்கிற பொருள் அது. ஈரமும் சூடும் நிறைஞ்ச மரப்பொந்தில் குடியிருக்கிற தேனீ, மரத்தோட மருந்தையே இரவல் வாங்கிக்குது. இப்படிச் சேர்க்கிற பிசினைத்தான் புரோபோலிஸ்னு சொல்றோம். வர்த்தி செய்றவனுக்கு அது வெறும் அழுக்கு! மாயாக்களோ இந்தத் தேனைக் கண் நோய்க்கும், பிரசவமான பெண்களுக்கும் கொடுத்தாங்க.

1562-ல மானி ஊரில் டியேகோ தெ லாண்டா என்கிற பாதிரியார் மாயா சுவடிகளைக் கொளுத்தினார். தப்பிச்சு நமக்குக் கிடைச்சது நாலே நாலு. அதில் மாட்ரிட் சுவடியில் பக்கம் பக்கமா தேனீக்கள்தான். லாண்டாவே பின்னாடி கொட்டாத தேனீயைப் பற்றி எழுதியதுதான் வேடிக்கை.

17-ம் நூற்றாண்டில் மெழுகுக் கெடுபிடி ஏறிச்சு. வீட்டுக் கூடுகள் போதாம, ஜனங்க காட்டுக்குள்ள போய்க் கூடு தேடி உடைச்சாங்க.

இன்னிக்கு ஆய்வகத்தில் கொட்டாத தேனீக்களோட புரோபோலிஸைச் சோதிச்சா, புண்ணில் சீழ் பிடிக்க வைக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ் பல மாதிரிகளில் அடங்குது. ஈ.கோலை அவ்வளவு சுலபமா மசியாது. அதோட, ஒரு ஊர் மாதிரி மாதிரியே இன்னொரு ஊருது இருக்காது. சுற்றி என்ன மரமோ, அந்தப் பிசின்தான் கூட்டில். ஆய்வகத் தட்டில் நடக்கிறது உடம்புக்குள்ளயும் நடக்கும்னு அர்த்தமில்லை. பாட்டில்ல 'இயற்கை ஆன்டிபயாடிக்'னு விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

2005-ல ஒரு ஆய்வு வந்தது. கின்டானா ரூ மாநில மாயா கிராமங்களில் ஷுனான் காப் கூடுகள் 25 வருஷத்தில் 90 சதவீதத்துக்கு மேல் குறைஞ்சிருந்தது.