தால்ஸ்ட்ராஸ 10: ஓர் இசைப் பதிப்பகத்தின் கதை – அத்தியாயம் 7: நவம்பர் 9

1867 நவம்பர் 9. அந்தத் தேதிக்காக ஜெர்மனியின் இசைப் பதிப்பாளர்கள் காத்திருந்தார்கள் என்று சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அன்று என்ன நடந்தது?

முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது 1837 நவம்பர் 9-க்கு முன், மறைந்தவர்களின் படைப்புகளுக்கு இருந்த காப்புரிமை அன்றோடு முடிந்தது. பேத்தோவனும் வேபரும் ஷூபர்ட்டும் ஒரே நாளில் பொதுச் சொத்தானார்கள். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்!

பந்தயத்துக்கு எல்லோரும் தயார். ஆனால், லைப்சிக் நகரின் சி. எஃப். பீட்டர்ஸ் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த மாக்ஸ் ஆப்ரகாம் எல்லோரையும் முந்தினார். தகட்டில் பொறித்த இசைக்குறிப்பைக் கையால் இயக்கும் அச்சில் ஒவ்வொரு தாளாக எடுத்ததால்தான் இசைப் புத்தகம் விலை கூடியிருந்தது. அதே ஊரில் ரோடர் என்பவரின் அச்சகத்தில், தகட்டின் பதிவைக் கல்லுக்கு மாற்றி வேக இயந்திரத்தில் அச்சிடும் முறை வந்திருந்தது. ஆப்ரகாம் அதைப் பிடித்துக்கொண்டார். பிறந்தது 'எடிஷன் பீட்டர்ஸ்'. வரிசை எண் 1, பாக். உரிமை முடிந்தவற்றுக்கு இளம்பச்சை அட்டை, உரிமை வாங்கிய புதியவற்றுக்கு இளஞ்சிவப்பு அட்டை.

விலை குறைந்தது, தரம் குறையவில்லை. வசதியானவர்கள் வீட்டுப் பியானோவின் மேல் மட்டுமே இருந்த பேத்தோவன், பள்ளி ஆசிரியர் வீட்டுக்கும் போனார். இந்தப் பதிப்பகத்தை நான் மதிப்பது முதலில் இதற்காகத்தான்.

1874-இல் தால்ஸ்ட்ராஸ 10-ஆம் எண்ணில் சொந்தக் கட்டடம் எழுந்தது. நார்வே இசைமேதை கிரீக், லைப்சிக் வந்தபோது தங்கியது இங்கேதான். 1894-இல் ஆப்ரகாம் அதே கட்டடத்தில் ஓர் இசை நூலகம் திறந்தார். கட்டணம் இல்லை, யாரும் வந்து படிக்கலாம்.

1900-இல் அவர் மறைந்தபின் சகோதரியின் மகன் ஹென்றி ஹின்ரிக்சன் பொறுப்பேற்றார். அவரும் வாரி வழங்கினார். பழைய இசைக்கருவிகளின் பெரும் தொகுப்பு ஒன்று விலைக்கு வந்தபோது, லைப்சிக் பல்கலைக்கழகம் அதை வாங்குவதற்காக 1926-இல் 2,00,000 மார்க் கொடுத்தார். 1929-இல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

அவர் யூதர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மகன் வால்டர் அமெரிக்கா போனார். இன்னொரு மகன் மாக்ஸ் லண்டன் போனார். தந்தை நகரவில்லை. இத்தனை கொடுத்த ஊர் தன்னைக் கைவிடாது என்று நம்பியிருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

1938 நவம்பர் 9. பதிப்பகத்தை வாழவைத்த அதே தேதி, 71 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. அன்றிரவு ஜெர்மனி எங்கும் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் தாக்கப்பட்டன. லைப்சிக்கும் தப்பவில்லை. அந்த மாதமே, எழுபது வயது ஹென்றி தன் சொந்த நிறுவனத்தை நடத்தக் கூடாது என்று தடுக்கப்பட்டார்.

நிறுவனம் யார் கைக்குப் போனது? ஹென்றி எங்கே போனார்? அமெரிக்காவுக்குப் போன வால்டர், எந்தச் சீருடையில் லைப்சிக்குத் திரும்பி வந்தார்?

(தொடரும்)